உப்பு மூட்டை வைத்த இடம்

பேகம்பூர், திண்டுக்கல்
டிசம்பர் 1961

அருமை மகன் ரஹ்மத்துல்லாவுக்கு அம்மாவின் சலாமும் துஆவும். அல்லாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது கணுக்காலைத் தவிர. பினாங்கில் நீ சுகமாக இருக்க வேண்டும், கடையே கதி என்று கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் காகிதத்துக்கு முன்னால் உங்கத்தா போட்ட காகிதம் வந்திருக்கும். உன் தங்கச்சி ஷரீஃபா நிச்சயதார்த்தத்தில் உங்கம்மா சம்பந்தி வீட்டார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள், அவள் ஏறின கனத்தில் வண்டித் தகடு உடைந்துவிட்டது என்று எழுதியிருப்பார். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதினார், அடுப்படியில் இருக்கிற எனக்குக் கேட்கட்டும் என்று. அதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. நான் யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தது இதுக்காவது ஆகட்டும்.

என் கனமாம். நெஞ்சு கொதிக்கிறது அப்பு. உங்கத்தா கூடப்பிறந்த நர்கீஸ் மாமி தெருவெல்லாம் போய், எங்க மதினிக்கு வீட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டுது, வண்டி என்ன செய்யும் பாவம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மீன்காரி கூட என் காலைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஓட்டைத் தகட்டை மூடி வைத்தவர் யோக்கியர், அதை மிதித்துக் காட்டினவள் குண்டச்சி. இது என்ன நியாயம்?

அது நீ ஓட்டின வண்டிதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் என் ஆத்திரம் உனக்குப் புரியும். யுத்தம் முடிந்து ராணுவத்தார் ஏலம் விட்டபோது உங்கத்தா எடுத்த பிக்கப் வண்டி. ஊர் ஊராய்ப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, கெட்டுப்போகாமல் அங்கேயே உப்புத் தடவி, மண்டிக்கு ஏற்றிவருகிற வண்டி. பின்னால் தோல், முன்னால் கேபினில் டிரைவருக்குப் பக்கத்து ஆள் கால் வைக்கிற இடத்தில் உப்பு மூட்டை. பின்னால் போட்டால் மழையில் கரைந்துவிடும், கேபினில் வைத்தால்தான் பத்திரம் என்று உங்கத்தா கண்டுபிடித்த ஏற்பாடு. உப்பு பத்திரமாகத்தான் இருந்தது, கேபின்தான் கரைந்துபோனது. மழைக்காலம் வந்தால் மூட்டை கசியும், கசிந்தது அடித்தகட்டில் தேங்கி நிற்கும், அதன்மேல் ஒரு சாக்கு, அந்தச் சாக்கு நைந்தால் அதன்மேல் இன்னொரு சாக்கு. ஊறுகாய் ஜாடிக்கு இரும்பு மூடி போடக் கூடாது என்று எனக்குத் தெரிகிறது, ஆயுசெல்லாம் உப்போடு கிடக்கிற தோல் வியாபாரிக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை வீடு பார்க்க வத்தலக்குண்டுக்குப் போனோமே, அன்றைக்குத்தான் எனக்கு வெட்டவெளிச்சமானது. செம்பட்டி தாண்டியதும் நல்ல மழை. மேலே கூரை இருக்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஆனாலும் என் சேலைக் கரையெல்லாம் செம்மண் தண்ணி. குனிந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தால் என் காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது தம்பி. தகடு கரையான் அரித்த பலகை மாதிரி பொத்தல் பொத்தலாய் இருக்கிறது, விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்கிறது, ஓரத்தில் சைலன்சர் குழாய் தெரிகிறது. ஏங்க, ரோடு தெரியுதுங்க என்றேன். உங்கத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டுல போனா ரோடு தெரியாம வேற என்ன தெரியும், சாக்கைப் போட்டு மூடு என்றார். அந்த வாயைத்தான் நான் கட்டி மேய்க்கிறேன்.

அங்கே போய் உட்கார்ந்து பேச்சுவாக்கில், நம்ம ஷரீஃபாவுக்குச் சீரா அந்தப் பிக்கப்பையே குடுத்துடுறேன், ஒரு குறையும் இல்லாத வண்டி, நிச்சயதார்த்தத்தன்னைக்கு உங்க கண்ணு முன்னாடி நிறுத்துறேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை முகமது பாரூக் மலைமேலேயிருந்து வாழைக்காயும் காய்கறியும் வாங்கி இறக்குகிறவர், சொந்த வண்டி என்றதும் அந்தப் பிள்ளை முகம் அப்படி மலர்ந்தது. எனக்கு அந்த மலை ரோடுதான் கண்ணில் வந்தது. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டு போவார், பக்கத்துச் சீட்டில் யார் உட்காருவார்? என் மகள் உட்காருவாள். நாளைக்கு மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்காருவாள். பிள்ளை மடியிலிருந்து நழுவினால் எங்கே போய் விழும் என்று நினைத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்ததும் வண்டியை டிங்கர் பவுல்ராஜ் பட்டறைக்கு அனுப்பினார். அப்பாடா என்று இருந்தேன். பவுல்ராஜ் வீட்டுக்கே வந்து, சீட்டைக் கழற்றி அழுகின தகடு முழுசையும் வெட்டி எடுத்துப் புதுசு வைத்து வெல்டிங் பண்ணணும், கதவு நிற்கிற தூணிலும் அடியில் துரு ஏறியிருக்கு, நிச்சயதார்த்தத்துக்குள்ள முடியாது, நிக்காஹுக்குக் குடுங்க என்றான். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உங்கத்தா என்ன சொன்னார் தெரியுமா? நான் வாக்குக் குடுத்துட்டேன்பா, மேலே பார்க்க லட்சணமா இருந்தாப் போதும், அடியில யாரு படுத்துப் பார்க்கப்போறா என்றார். அவனும் முதலாளி சொல்லே வேதம் என்று தலையாட்டிவிட்டுப் போனான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி ஓட்டை மேல் வைத்து, சுற்றித் தாரை ஊற்றி, கிளிப்பச்சையில் பெயிண்ட் அடித்து, மேலே புதுத் தேங்காய்நார் மிதியடி போட்டு, மணமகள் மாதிரி கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். நான் சொல்லாத சொல் இல்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், ரஹ்மத்துல்லாவே பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடலாம்னு எழுதிட்டான் என்று என் வாயை அடைத்தார். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக ஆரம்பித்தது, சம்பந்தி வீட்டார் வேன் நிறைய வந்தார்கள், பிரியாணி ருசியாக இருந்தது, ஷரீஃபா ரோஸ் சேலையில் கண்ணுபடுகிற மாதிரி இருந்தாள். நம்ம வண்டி கடைசிப் பந்திக்குத் தாடிக்கொம்பு ரோட்டுச் சமையல்காரரிடமிருந்து பிரியாணி தேக்சாக்களை ஏற்றிவந்து சூடாக நின்றது. சாப்பிட்டு முடித்ததும் உங்கத்தா வாசலில் நின்றுகொண்டு, சம்பந்தியம்மா முதல்ல ஏறி உட்காரட்டும், பள்ளிவாசல் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரட்டும், அதுதான் மரியாதை என்கிறார். மாப்பிள்ளையின் தாய் குர்ஷித் பேகம், மரியாதை தெரிந்த மனுஷி, மூட்டுவலிக்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள். என்னைவிடக் கனம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான் உங்கத்தாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மதினி, செத்த இருங்க, நான் ஏறிப் பார்க்கிறேன் என்று சொல்லி, அத்தனை ஆம்பளைகளும் நிற்கிற வாசலில் நான் போய்க் கதவைத் திறந்தேன். மிதியடியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். ஏறி நின்றேன். நின்றதுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் உண்மை, என் கனத்துக்கு உடையவில்லை. காலைத் தூக்கி ஓங்கி மிதித்தேன். வேண்டுமென்றே மிதித்தேன். டின் பிளந்து கால் முழங்கால் வரை இறங்கியது, சைலன்சரில் கணுக்கால் பட்டு வெந்தது, துருவும் தாரும் தெருவில் கொட்டியது. கீழே தெரிந்த என் காலை ஊரே பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இடத்தில் குர்ஷித் பேகம் கால் இருந்திருந்தால் நான் எப்படித் தலை நிமிர்வேன்?

அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கத்தா எழுதியிருப்பார். மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலைத் தட்டைத் தொடாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். ஷரீஃபா அந்த ரோஸ் சேலையோடு சுருண்டு படுத்தவள், என் வாழ்க்கையையும் சேர்த்து மிதிச்சுட்டீங்களே அம்மா என்றாள். அதுதான் வெந்த காலைவிட வலித்தது. நானும் பயந்துதான் போனேன். அத்தனை பேர் ஏசினபோதும் அழாத நான், அவள் சொன்னதுக்கு அழுதேன். காலுக்குச் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காய் எண்ணெயும் அவள்தான் போட்டுவிட்டாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வத்தலக்குண்டிலிருந்து ஆள் வந்தது. குர்ஷித் பேகம் சொல்லியனுப்பியதை அப்படியே எழுதுகிறேன், நர்கீஸ் மாமியும் பக்கத்தில் நின்று கேட்டாள். எங்களுக்குப் பொண்ணும் வேணும், வண்டியும் வேணும். ஆனா வண்டியை அந்தம்மா ஏறி மிதிச்சுப் பார்த்துத் தரணும், வேற யாரு சொல்லையும் நாங்க எடுத்துக்க மாட்டோம். இதுதான் சொன்னது. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். ஷரீஃபா ஓடிவந்து என் தோளில் சாய்ந்தாள். உங்கத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாளே வண்டியைப் பவுல்ராஜ் பட்டறைக்கு அனுப்ப வைத்தேன், நானும் குதிரை வண்டி வைத்துக்கொண்டு போனேன். சீட்டைக் கழற்றி, துருப்பிடித்தது அத்தனையையும் நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டச் சொன்னேன். வெட்ட வெட்ட உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது தம்பி, மேலே ஓட்டை உள்ளங்கை அளவு, அடியில் பார்த்தால் பாதிக் கேபின். கதவுத் தூணைத் திறந்தால் உள்ளே உப்பு கட்டிகட்டியாய் உறைந்திருக்கிறது. கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, கனத்த தகடு வெட்டி வைத்து வெல்டிங் பண்ணி, துருவுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை மேலேயும் அடியிலேயும் அடிக்க வைத்தேன். பச்சைப் பெயிண்ட் இப்போது அடிக்கக் கூடாது, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். நேற்றுப் போய் ஏறி, நல்ல காலாலும் புண் காலாலும் மிதித்தேன். கிண்ணென்று நின்றது. பட்டறையில் இருந்த யாரும் என் கனத்தைப் பற்றிப் பேசவில்லை.

உங்கத்தா இன்னும் என்னோடு பேசுவதில்லை, ஆனால் தொட்டுக்க வெஞ்சனம் பற்றவில்லை என்றால் தட்டைத் தட்டிக் காட்டுகிறார். மூடின உப்புப் பீப்பாய் ஒன்று வாங்கி, பிக்கப்புக்குப் பதிலாக மண்டிக்கு எடுத்த புது வண்டியின் பின்பக்கம் வைத்திருக்கிறார். கேட்டால் தன் யோசனை என்பார். நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு, போகட்டும்.

இனி உன் பேச்சு. நீ வண்டி ஓட்டின நாளில் நான் ஏறி உட்காரும்போதெல்லாம், காலைத் தூக்கி மூட்டை மேல வச்சுக்கம்மா என்பாய். என் பிள்ளைக்கு என்மேல் எம்புட்டுப் பாசம், உப்புத்தண்ணி என் காலில் படக் கூடாது என்று பார்க்கிறானே என்று காந்திகிராமம் வரை போய்ச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பவுல்ராஜ் தகட்டை வெட்டிப் போட்டபோது, இது இன்னைக்கு நேத்து விழுந்த ஓட்டை இல்லைம்மா, தம்பி ஓட்டும்போதே விழுந்தது என்றான். கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஓட்டை அப்போதே உனக்குத் தெரியுமா? பெயிண்ட் அடித்துக் கொடுக்கலாம் என்று நீ எழுதினது நிசமா, அல்லது என் வாயை அடைக்க உங்கத்தா சொன்னதா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. தெரியும் என்றாலும் எழுது, நான் உன்னைப் பெற்றவள், கேட்டுவிட்டு இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். மேலே சாக்கைப் போட்டு மூடி மட்டும் எழுதாதே.

அல்லா உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான பிழைப்பையும் தரட்டும். கடல்காற்றில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. நிக்காஹுக்கு நீ கட்டாயம் வர வேண்டும், ஷரீஃபாவை வத்தலக்குண்டுக்கு அந்த வண்டியில் நீதான் ஓட்டிக்கொண்டு போய் விட வேண்டும், நானும் பக்கத்தில் வருவேன், காலைக் கீழே வைத்துக்கொண்டு வருவேன். பதிலை வழக்கம்போல உங்கத்தா பேருக்குப் போடாதே. என் பேரை எழுதிப் போடு, தபால்காரருக்கு இப்போது இந்தத் தெருவில் என்னைத் தெரியாமல் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
காதர் பீவி