கண்ணை மூடிக்கொள்ள ஓர் ஆள்

ஜூன் 10, செவ்வாய்

இன்று புருவம் திருத்தும் வகுப்பு. அடுத்தவர் முகத்தில் கை வைக்கும் முன் சொந்த முழங்காலில் பழக வேண்டுமாம். திருவொற்றியூர் ஹை ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடி பார்லரில், எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் கால் மயிரைத் தாங்களே பிடுங்கிக்கொண்ட காட்சியைக் கடவுள் மட்டும்தான் பார்த்தார். அவரும் சிரித்திருப்பார்.

நூலின் ஒரு முனை பல்லில், மிச்சம் இரண்டு கையில், நடுவில் ஒரு முறுக்கு. பல்லில் நூல் இருக்கும்வரை பேச முடியாது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அது. பார்லரையும் வகுப்பையும் நடத்தும் ஞானசெல்வி மேடத்துக்குப் பிடித்த ஒரே விஷயமும் அதுதான். "ஜூடி, உனக்கு நாள் முழுக்க இதே வேலை குடுக்கணும்டி" என்றார்.

நூல் விட்டுப் பார்ப்பது என் பிறவிக் குணம். நூல் பிடிக்க இப்போதுதான் கற்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

என் முழங்காலில் இப்போது இரண்டு அழகான புருவங்கள். அம்மா பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

ஃபேஷியல் பயிற்சி. என் ஜோடி எப்போதும் மதிதான். வியாசர்பாடிக்காரி, வகுப்பில் என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவள். முகத்தில் பேக், கண்ணில் பஞ்சு, பதினைந்து நிமிடம். தூங்கிவிட்டாள். பேக்கைத் துடைத்தெடுத்த பிறகும் எழவில்லை. எதிரே மேசையில் சிவப்பு லிப் லைனர், உதட்டோரம் வரையும் பென்சில். கை சும்மா இருக்குமா?

இரண்டு கன்னத்திலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். ஓரத்தைப் பஞ்சால் மங்கலாக்கினேன். நானே சொல்லக்கூடாது, நல்ல வேலை. பிறகு கண்ணாடியை நீட்டி, "மதி, பேக் உனக்கு ஒத்துக்கலையோ?" என்றேன்.

அவள் போட்ட கூச்சலில் முன்னறையில் இருந்த கஸ்டமர் பாதித் தலைக்கு டையோடு எழுந்து ஓடினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மதி சிரிக்கவில்லை. குழாயடியில் நின்று தேய்த்தாள், தேய்த்தாள். "வெறும் லிப் லைனர்டி!" என்று நான் கத்திய பிறகும் தேய்த்தாள். புள்ளி போய்விட்டது. கன்னம் நிஜமாகவே தடித்துச் சிவந்துவிட்டது.

நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் சொல்லவே இல்லையே.

சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டேனா? தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 23, திங்கள்

மாப்பிள்ளை வீட்டாரை அடுத்த ஞாயிறு வரச் சொல்லிவிட்டார்கள். மதி எனக்கு முகம் கொடுக்கவில்லை.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். ஜூலை 12 செய்முறைத் தேர்வு, கல்யாணப்பெண் மேக்கப். எல்லோரும் ஜோடிக்கு ஜோடி மாற்றி மாற்றி உட்காருவார்கள்; மதியை வேறொரு ஜோடியோடு சேர்த்துவிட்டார். "உனக்கு ஜோடி கிடையாது. வெளியிலேர்ந்து ஒரு ஆள் கூட்டிட்டு வா. உன் எதிர்ல கண்ண மூடிட்டு உக்கார்ற ஒருத்தர். கெடைக்கலன்னா ஜனவரி பேட்ச்ல பாத்துக்கலாம்."

ஜனவரி!

பாலிடெக்னிக்கை நான் பாதியில் விட்டபோது அப்பா சொன்னது: "இனிமே எத எடுத்தாலும் அதையாச்சும் முடி." அவருக்காகக்கூட இல்லை. இதை முடிக்க எனக்கே ஆசையாக இருக்கிறது, அதுதான் வேடிக்கை. நான் ஒரு வகுப்புக்குச் சீக்கிரமாகப் போவது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

ஜூன் 28, சனி

முகப் பிச்சை நிலவரம்:

அம்மா — "உங்கிட்ட மூஞ்ச குடுக்க நான் இன்னா லூசா?" அப்பாவை நான் கேட்கவே இல்லை. அவராகவே, "என் கால் நகம் ஞாபகம் கீதுல்ல?" என்றார். போன வருடம் தூங்கும்போது பத்து விரலுக்கும் ரோஸ் பாலிஷ் போட்டுவிட்டேன். துறைமுகத்தில் பூட்ஸைக் கழற்றிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாம் வரிசையில் வந்து பார்த்தார்களாம். கோயில் பாட்டுக் குழுவில் ஐந்து பெண்கள் — ஐந்து "சாரிடி". அதையும் ஒரே சுருதியில் சொன்னார்கள்.

மதியிடம் மூன்றாவது முறையாக மன்னிப்புக் கேட்டேன். பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "புள்ளி வச்சத வுடு. உங்கிட்ட நம்பித் தூங்கிட்டேன் பாரு, அதான் பேஜாரா கீது."

பல்லில் நூல்கூட இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை.

ஜூலை 2, புதன்

தெருமுனையில் மீன் விற்கும் பூவம்மா அக்கா நிறுத்தினார். "இன்னா ஜூடி, நாலு நாளா மூஞ்சி தொங்கிகினு கீது? சங்கரா மீனு மாதிரி?"

எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு, சும்மா ஒரு நப்பாசையில்: "யக்கா, உனக்குக் கல்யாண மேக்கப் போட்டுவுடட்டா?"

"எனுக்கா?" கத்தியைக் கீழே வைத்தார். "எங்கல்யாணத்துல பாண்ட்ஸ் பவுடர் தாம்மே. அதுவும் வேர்வையில பூட்ச்சி." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, வரேன். ரெண்டு விஷயம். வெள்ளையடிக்காத, நான் இன்னா சுவரா? அப்பால, ஒரு கண்ண தொறந்துதான் வச்சிருப்பேன். நீ ஊரையே ஏச்சவ."

ஒரு கண் மூடினால் ஐம்பது சதவீதம். நான் வாங்கிய மார்க்குகளில் அதுவே அதிகம்.

ஜூலை 7, திங்கள்

நேற்று பூவம்மா அக்காவின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு ஃபவுண்டேஷன் தடவி வைத்தோம், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க. அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. இன்று ஒத்திகை. வகுப்பு மேக்கப் பெட்டியில் இருப்பதிலேயே கருப்பான ஃபவுண்டேஷனைப் போட்டேன். எண்ணூரில் சாம்பல் லாரி பக்கத்தில் போனால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகிவிட்டது. அக்கா திறந்த கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார். "இன்னாம்மே, செத்தவளுக்குப் பூசின மாதிரி கீது!"

ஜூலை 8, செவ்வாய்

அதைவிட அடர்ந்த நிறம் வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். பெட்டியில் இல்லை. மதி தன் பையைத் திறந்து தான் போடும் அடர்நிற ட்யூபை எடுத்து என் மேசையில் வைத்தாள். "மீதிய திருப்பிக் குடு."

அவளாகப் பேசிய மூன்று வார்த்தை. எண்ணிப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

ராத்திரி இரண்டு மணிக்கே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, விற்று முடித்து, குளித்து, பத்து மணிக்கு வந்துவிட்டார் பூவம்மா அக்கா. நெற்றியோரம் ஏதோ மின்னியது. நான் இன்னும் மினுமினுப்பு போடவே இல்லையே! மீன் செதில். மெதுவாக எடுத்தேன்.

புருவம் ஒரு வழியாக முடிந்தது. ஒன்றை நான் திருத்தும்போது மற்ற கண் ஐஸில் கிடக்கும் வஞ்சிரம்போல என்னையே முறைத்தது. தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த மேடம் நின்று பார்த்துவிட்டு, "மை போடும்போது மாடல் ரெண்டு கண்ணையும் மூடணும்" என்றார்.

"அது முடியாது மேடம்" என்றார் அக்கா. "இவள உங்களுக்குத் தெரியாது."

வகுப்பே சிரித்தது. ஞானசெல்வி மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். சரி, கண்ணைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மதியின் ட்யூபை எடுத்து நெற்றியிலிருந்து தொடங்கினேன். வேலைதானே, செய்வோம். கன்னம். தாடை. கழுத்து. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டி. நிறம் தோலோடு போய் உட்கார்ந்தது. மேலே பார்த்தேன். வஞ்சிரக் கண் மூடியிருந்தது.

கண்ணடிக்கிறாரோ? இல்லை. ஒரு குறட்டை. அப்புறம் இன்னொன்று.

கையில் கருப்பு மை. கீழே அகலமான, மொழுமொழுவென்ற மேலுதடு. அந்த இடத்தில் ஒரு மீசை எவ்வளவு அம்சமாக இருக்கும்! ஆண்டவரே, சத்தியமாக நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இமையோரம் மைக்கோடு இழுக்கப் போனால் குறட்டைக்கு முகமே ஆடியது. மூச்சு இழுக்கும்போது நிறுத்தி, விடும்போது கோடு. இழு, நிறுத்து. விடு, கோடு. என் மூச்சும் அவரோடு சேர்ந்துகொண்டது. கடைசி வாலை இழுத்து முடித்தபோது ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

தோளைத் தொட்டு எழுப்பினேன். எழுந்ததும் முதல் வேலையாக மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் கண்ணாடி. வெகுநேரம் பார்த்தார்.

"நானேதாம்மே கீறேன்!"

ஜூலை 14, திங்கள்

அக்கா இரண்டு நாளாக முகம் கழுவாமல் மீன் விற்கிறாராம். நேரில் போய்த் திட்டி, நானே கழுவிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பாஸ். அப்பா சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு, "இது நெசமா, இல்ல நீயே வரஞ்சியா?" என்றார்.

ஜூலை 26, சனி

மீதி ட்யூபைப் போன வாரமே கொடுத்துவிட்டேன். மதி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அதனால் இன்று சாயங்காலம் அவள் பார்லருக்கு மாடி ஏறி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை.

மேடம்தான் புருவம் எடுப்பார் என்று நான் நகர்ந்து நின்றேன். மதி நேராக, மேடம் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலிக்கு வந்து சாய்ந்துகொண்டாள்.

"நூல் புதுசா எடு" என்றாள். புருவத்தின் மேலும் கீழும் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தாள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.