ஞாயிற்றுக்கிழமைச் சட்ட அறை

அன்புத் தோழிக்கு,

கம்பளிகளுக்கு இடையில் போட இன்று காலை அந்துருண்டை வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கொடைக்கானல் பொது நூலகத்தின் பின்னறையில், சட்டப் புத்தக அலமாரிகளில் அங்கே வேலை பார்த்த நீ மூலைக்கு மூலை போட்டுவைத்த உருண்டைகளின் வாசனை. மழைக்காலத்தில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், மற்ற சோலியை விட்டுவிட்டுப் புத்தகங்களை ஜன்னலோரம் விரித்துவைப்பாய். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறேன் என்று என்னை நீ திட்டாத வாரமில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த அறையை மூடச் சொன்ன நூலகக் கமிட்டி உத்தரவை, அதன் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான்தான். நிதி போதவில்லை, படிக்க வருவோரும் இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். புத்தகங்கள் மதுரைக்குப் போய்விடும். அலுவலகம் விட்டதும் உன்னிடம் வந்து சொன்னேன். நீ என்மேல் கோபப்படவில்லை. "ஆளே வரலைன்னா எழுதியிருக்கு? அப்ப வந்தவங்களையே கமிட்டிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றாய்.

மறுநாளே பேத்துப்பாறைக்குப் போய்க் கருப்பாயியைப் பார்த்தோம். முந்தின வருஷம் குத்தகை நிலத்தைக் காலி செய்யச் சொல்லி அவளுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. சந்தைக்கு வந்தவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உன்னிடம் வந்தாள். ஆங்கிலத்தில் இருந்த குத்தகைச் சட்டத்தை நீ வரிவரியாகத் தமிழில் சொல்லி, பதிலும் எழுதிக்கொடுத்தாய். நிலம் அவள் கையைவிட்டுப் போகவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் தலைவர், சட்டம் தெரிய வேண்டுமானால் பழனியில் வக்கீல்கள் இருக்கிறார்களே என்று கேட்டார். கருப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வக்கீலய்யாவத் தேடிப் பழனிக்கு எறங்குனா ரெண்டு நாள் கூலி போயிரும்ங்க. இங்க இந்தம்மா வாசிச்சுச் சொல்லுச்சு. அன்னைக்கு இந்த ரூமு பூட்டிக் கெடந்திருந்தா, நான் ரேகையை வச்சுட்டு வெளியேறியிருப்பேன்."

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கலாம், அதற்குச் சம்பளம் கிடையாது என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சரியென்றுவிட்டாய். திரும்பி வரும்போது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு எப்போது போவாய் என்று கடிந்துகொண்டேன். "வெள்ளனே பூசைக்குப் போயிட்டு வந்துருவேன். சந்தை நாளுன்னா எல்லா ஊர்ச்சனமும் மேல வரும். நீயும் வா" என்றாய். என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்துக்கொண்டாய்.

அறுபதுகளின் நடுவில் அந்த அறைக்கு ஓர் ஆளைப் போட்டு, வாரம் முழுக்கத் திறக்கும்வரை, நாம் இருவரும் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. அந்த ஆளிடம் சாவியைக் கொடுத்த அன்று நீ அழுதாய். தூசி என்று பொய் சொன்னாய்.

காகிதத்தோடு வருகிறவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். "மொதல்ல உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேட்டா பயம்தான் கேக்கும்" என்பாய். போன வாரம் அடுத்த வீட்டு மருமகள் ஏதோ நோட்டீஸோடு வந்து என் வாசலில் நின்றாள். காகிதத்துக்குக் கையை நீட்டவில்லை. நாற்காலியைத்தான் முதலில் இழுத்துப் போட்டேன்.