வெயிலைக் குவித்த கண்ணாடி

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், எழுதிவிட்டேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருங்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

முன்னறையில் திரை எரிந்து அப்பாவின் நாற்காலி பாதி கருகியதை அண்ணன் சொல்லியிருப்பான். அம்மா அடுப்பை அணைக்காமல் பால் வாங்கப் போய்விட்டாள் என்றானாம், நீயும் நம்பினாய். அடுப்பு சமையலறையில், எரிந்தது முன்னறை ஜன்னல். இதைக்கூடக் கேட்கத் தோன்றாமல் "அண்ணன் சொல்றதக் கேளும்மா" என்று வைத்துவிட்டாய். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச்சொல்லி ரொம்ப நாளாக நச்சரித்தவன் அவன். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்துவிட்டது. கொளுத்தியது நீ அனுப்பிய கண்ணாடி. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு நானே சொட்டு மருந்து விட்டுக்கொள்ள, முகம் பெரிதாகத் தெரியும் என்று அனுப்பினாயே, அந்தக் குழிக் கண்ணாடிதான். வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்து மேஜையில் நிறுத்தியிருந்தேன். அதில் பட்ட வெயில் முழுக்கத் திரும்பி, ஒன்றரைச் சாண் தள்ளி ஒரே புள்ளியில் குவிகிறது. அங்கேதான் திரையின் ஓரம் தொங்கியது. மறுநாள் பழைய பேப்பரை அந்த இடத்தில் பிடித்தேன், புகைந்தது. லென்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை, வெயிலில் வைக்காதே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அண்ணனை வரவழைத்து அவன் கண்ணெதிரே புகையவைத்தேன். பார்த்துவிட்டு, "ஒரு கண்ணாடிய எங்க வைக்கணும்னு தெரியல, நீ எப்படிம்மா தனியா இருப்ப?" என்கிறான். பெற்ற வயிறு எரிந்தது. அடுப்பு என்றாலும் என் தப்பு, கண்ணாடி என்றாலும் என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறான். அந்தக் கண்ணாடியில் கிட்டே போனால் என் முகம் பெரிதாக, நேராகத் தெரிகிறது. எதிர்ச்சுவர் வரை தள்ளிப் போனால் சின்னதாகத் தலைகீழாக நிற்கிறேன். அங்கிருந்து பார்க்கிற உனக்கும் அப்படித்தான் தெரிகிறேன் போலிருக்கிறது.

குழந்தைக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. நீ வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. அண்ணனிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். இது உன் கைக்கு வருவதற்குள் ஞாயிறு போய்விடும். பதில் எழுதினால் மறக்காமல் அண்ணன் முகவரிக்குப் போடு. இங்கே வாங்க ஆள் இருக்காது.

இப்படிக்கு,
அம்மா