மெல்லிய கம்பியை விட்டுவிடு மாப்பிள்ளை

பிரியமுள்ள தங்கராசு மாப்பிள்ளைக்கு,

போன இடத்தில் குளிர் உண்டா? இங்கே நாலு மணிக்கே மூட்டம் லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. உன் வருசத் திதிக்கு அடிக்கிற நோட்டீசில் நானும் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு எழுத்து ஏது? நான் சொல்லச் சொல்ல உன் மகள் சாந்தி எழுதுகிறாள்.

உன் கருமாதிப் படையலில் வைத்த கிட்டாரை மருதாயி என் மடியில் வைத்தாள். "சும்மா கிடந்தா என்னையே பார்க்குதுண்ணே. நீங்களாவது தட்டுங்க" என்றாள். என் தங்கச்சி கேட்டு நான் எதை மறுத்தேன்? உனக்கே கட்டிக் கொடுத்தேனே.

நீ எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள லயத்துச் சுவர்தான் கூரை வரைக்கும் போகாதே. அந்தப் பக்கம் நீ பழகியதெல்லாம் என் காதில் கிடக்கிறது. கட்டைவிரலுக்குத் தடித்த கம்பி. அப்புறம் ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய கம்பி. "கையை மொத்தமா போட்டு வழிக்காதடா. மழை விட்டதும் தகரத்துல சொட்டுமே, அப்படி ஒண்ணு ஒண்ணா விழணும்" என்று உன்னை நீயே திட்டிக்கொள்வாய்.

எனக்கு வலது கையில் மோதிரவிரல் இல்லையே. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் அதைக் கொண்டுபோன அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீதானே? அதனால் மூணு சொட்டோடு நிறுத்துவேன். நாலாவது இடம் சும்மா கிடக்கும்.

அந்த இடத்தில்தான், மாப்பிள்ளை, ஒரு சாயங்காலம் நாலாவது சொட்டு விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. கிட்டார் என் மடியில். அந்தப் பக்கம் மருதாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அங்கே வேறே என்ன இருக்கிறது, நீ கிட்டார் மாட்டுகிற ஆணியைத் தவிர?

"கேட்டீங்களாண்ணே?" என்று சுவருக்கு மேலால் குரல் கொடுத்தாள். அவள் குரலில் பயம் இல்லை. நான்தான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது பின்பக்க மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. என் கை நுழைகிறது. மழை பிடிக்கிறதுக்கு முந்தி லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் கிராம சேவகர். சாந்தி நோர்வூட்டில் தன் வீட்டில் எங்களுக்கு அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். மருதாயி அசையமாட்டேன் என்றாள்.

"மூணை நீங்க தட்டுறீங்க, நாலை அவரு தட்டுறாரு. அவரைத் தனியா விட்டுட்டு எங்கண்ணே போறது?"

"மண்ணு சரிஞ்சா அவனா வந்து உன்னைத் தூக்குவான்?"

"தூக்க வேணாம். கூட இருந்தாப் போதும்."

கிட்டாரிலா, வீட்டிலா, நீ எங்கே இருக்கிறாய் என்று பார்த்துவிட நினைத்தேன்.

கிட்டாரைப் பீலிக்கரைக்குக் கொண்டுபோய், தண்ணீர் விழுகிற இடத்துக்குத் தள்ளி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். மூணோடு நின்றது. நாலாவது வரவேயில்லை. நீ கிட்டாரோடு இல்லை, என்னோடும் இல்லை, அவளோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்று அங்கேதான் தெரிந்தது. கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன்?

நாலாவது இடம் சும்மா கிடந்தால்தானே நீ வருவாய்? அங்கேயே சுண்டுவிரலைப் பழக்கினேன். மரத்துப்போன விரல், கம்பியை எட்டாமல் வழுக்கும். தோல் உரிந்து, காய்த்து, ஒருவழியாக நாலும் வரிசையாக விழுந்தது.

நேற்று சாயங்காலம் லயத்தில் நாலையும் நானே வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ரொட்டி தட்டுகிற சத்தமும் நின்றது.

"அவரைப் போகச் சொல்லிட்டீங்களாண்ணே?"

நான் மறுபடியும் நாலையும் வாசித்தேன்.

காலையில் சட்டிபானையைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆணியைப் பிடுங்கப் போனவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். மீட்டிவிட்ட கம்பி மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும்தான் இல்லை.

"மாமா, இதையுமா நோட்டீசுல போடுறது? ஊரு சிரிக்கும்" என்கிறாள் சாந்தி.

சிரித்துவிட்டுப் போகட்டும். எழுது பிள்ளை.

மாப்பிள்ளை, திதி முடிந்ததும் லொறி வரும். அவளை முன்சீட்டில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் பின்னால் வருவேன். கிளம்புவதற்கு முன்னால் அந்த வெறும் வீட்டில், ஆணிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை மூணோடு நிறுத்துவேன். நாலாவது உன்னுடையது. ஆசை தீர வாசித்துவிட்டுப் போய்விடு. பிறகு அவள் காது கேட்கிற இடத்தில் சுண்டுவிரலை நான் சும்மா வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உன் மச்சான் வீரமுத்து