சம்பந்தி ஊத்தின பால்

ஏனுங்க சம்பந்தி,

இந்தக் காகிதத்தையாவது கிழிக்காமப் படிங்க. தேயிலை பறிக்கிற வேதக்காரன் ஊட்டுக்கு உங்க மக மருமகளா வந்ததுலருந்து நீங்க பந்தலூர்ப் பக்கம் எட்டிப் பாக்கல. அவளைப் பொதைச்ச அன்னிக்கும் வரல.

ஆனா நேத்து கல்லறைத் திருநாளுக்கு வந்துட்டீங்க. நான் மெழுகுவத்தியோட போனா, பனிக்குள்ள அவ கல்லறைகிட்ட குனிஞ்சு நிக்கறீங்க. "என்னங்க சம்பந்தி, வழுக்கை வெளிச்சத்துலயே வழி கண்டுபிடிச்சீங்களா?"ன்னு கேட்டேன். திரும்பல. "புள்ளைக்குக் குளிருதுங்க"ன்னு மட்டும் சொன்னீங்க. பனி விலகுச்சு, ஆளைக் காணோம். கல்லறை மேல உங்க சனத்து வழக்கப்படி பால் ஊத்தியிருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், சூடு ஆறல. எங்க ஆளுங்க கழுவ வந்தாங்க, நான் விடல.

ஊட்டுக்கு வந்து கோயமுத்தூருக்குப் போன் போட்டேன். நீங்க ஆடியில படுத்தவரு இன்னும் எந்திரிக்கவே இல்லைன்னு உங்க பையன் சொல்றான்.

இனி அந்தப் பனியில நீங்க வர வேண்டாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவ பெத்த புள்ளையக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன். உங்க மூக்குதான் பேத்திக்கு, பாவம். தொரத்தினாலும் போக மாட்டோம், வாசல்லயே உக்காந்துக்குவோம். அதுவரைக்கும் உசுரோட இருங்க.

இப்படிக்கு,
நீங்க வேண்டாம்னாலும் உங்க சம்பந்திதான்