ஒரு பேப்பர் பாக்கி

ஜனவரி 9
எங்கள் லேபுக்குப் புது ஆபீசர் வந்துவிட்டாள். இருபத்து நாலு வயது. குடிநீர்ச் சாம்பிளில் எந்தச் சொட்டுக்கு நிறம் மாறும் என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். பரிசோதனை என் கை; ரிப்போர்ட்டில் கையெழுத்து அவள் கை.

"அக்கா, நீங்களே போட்டுடலாமே?" என்றாள், பாவம். பட்டதாரி போட்டால்தான் செல்லும், தாயே.

ஆபீஸ் ஃபைலில் நான் 'பட்டப்படிப்பு முடிக்கவில்லை'. வீட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சிலருக்கு இரண்டு குடும்பம் இருக்கும். எனக்கு இரண்டு படிப்பு.

ஜனவரி 10
எழுதித்தான் வைப்போமே. கல்யாணம் பேசும்போது, "டிகிரி முடிச்சுட்டா" என்று அப்பா முந்திக்கொண்டார். ரிசல்ட் வந்தபோது ஒரு பேப்பர் போயிருந்தது, கல்யாணம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இவர் போகிற இடமெல்லாம் "என் ஒய்ஃப் பி.எஸ்ஸி." பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று கேட்டால் ஆபீஸ் அரசியல் என்பேன். இல்லாத அரசியலில் இருபத்திரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 2
மகள் காலேஜை விடப்போகிறாளாம். இரண்டாம் வருடம். செல்போன் ஷோரூமில் வேலை கிடைத்திருக்கிறதாம், வெள்ளிக்கிழமை சேர வேண்டுமாம். இவர் கத்தினார். அவள் கத்தவில்லை, என்னைக் கை காட்டினாள்.

"அம்மாவும்தான் டிகிரி வாங்குனாங்க. என்னத்தைக் கிழிச்சாங்க? நேத்து வந்தவ கையெழுத்துப் போடுறா, இவங்க பாட்டில் கழுவுறாங்க."

இவர் என் பக்கம் திரும்பி, "சொல்லேன், நீ படிச்சவதானே!" என்றார்.

அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன். அடுப்பு எரியவே இல்லை.

பிப்ரவரி 3
நான் வாங்காத டிகிரியை வைத்து, டிகிரியே வீண் என்று முடிவு கட்டுகிறாள். சொன்னால் இவர் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால்—?

பிப்ரவரி 5
சொல்லிவிட்டேன். காலையில், மூவரும் மேசையில் இருக்கும்போது.

"நான் டிகிரி முடிக்கலை. அதனாலதான் பாட்டில் கழுவுறேன். அரசியலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

மகள் சிரித்தாள். சதா ஜோக் அடிக்கிறவள் உண்மை சொன்னால் இதுதான் கதி. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா?" என்றார் இவர். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 6
மகள் ஷோரூமுக்குப் போகவில்லை. காலேஜுக்கும் போகவில்லை.

"என்ன பேப்பர்மா?"

"பிசிக்கல் கெமிஸ்ட்ரி."

"கஷ்டமா?"

உன் அப்பாவைவிடச் சுலபம் என்று சொல்ல வந்தேன். விழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 9
காலேஜ் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 20
இவர் சுவரைப் பார்த்துத்தான் "சாப்பாடு ஆச்சா" என்கிறார். உண்மையைச் சொல்வதற்கு முந்தின நாள் எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரிதான் மறுநாளும் தெரியும். ஒரு சொட்டுக் குறையவில்லை. இவர் கண்ணில் மட்டும் ஆளே குறைந்துபோனேன். பொய் சொன்னதற்கா, படிக்காததற்கா? கேட்கத் தைரியம் இல்லை.

பழைய மாணவர்கள் பாக்கிப் பேப்பரை எழுதலாமாம். விண்ணப்பம் வாங்கப் போனால், "உங்க பொண்ணுக்காம்மா?" என்கிறார் கிளார்க்.

ஜூலை 11
எழுதின பேப்பருக்கு ரிசல்ட். முப்பத்தொன்று. பாஸாக நாற்பது வேண்டும்.

மறைக்காமல் வீட்டில் சொன்னேன். "எந்தக் கேள்வி போச்சு?" என்று மகள் என் நோட்டைப் பிடுங்கினாள். இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

நவம்பர் 17
எனக்கும் மகளுக்கும் ஒரே நாளில் பரீட்சை. கிளம்பும்போது மேசையில் இரண்டு டிபன் டப்பா, மூடி இறுக்கி. இவர் சமைத்தது.

எல்லாக் கேள்விக்கும் எழுதினேன். வெளியே வந்து மரத்தடியில் டப்பாவைத் திறந்தேன். உப்பே இல்லை.

"சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்றார் மாலையில், என் முகத்தைப் பார்த்து.

"பிரமாதம்," என்றேன்.

"பிரமாதம்ப்பா," என்றாள் மகளும். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சிரித்துவிட்டாள்.