நான்காவது கேள்விக்கு அப்பாவின் பதில்

ஜார்ஜ்டவுன்,
14.8.1994, ஞாயிறு

மதிப்பும் எப்போதாவது மரியாதையும் உள்ள சந்திரிகா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு டெலிபோனுக்கு அம்மா பச்சை நூலில் சட்டை பின்னிப் போட்டுவிட்டார். விழாவுக்கு நானும் ஒரு பல்லியும் வந்திருந்தோம். ஒரே குறை, சட்டை போட்டும் அது வாய் திறக்கவில்லை. நீ கூப்பிட்டு ஆறு வாரம் ஆகிறது.

இங்கிலாந்திலிருந்து நீ அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். நான்காவது கேள்வி மட்டும் புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு புரோகிராம் எழுத, முழுத் திட்டத்தையும் முதலிலேயே எழுதி முடிப்பதா, கொஞ்சம் செய்து தாதியரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போவதா, உங்கள் கருத்து என்ன? நீ இரண்டாவதைச் சொன்னாய். நீ வேலை செய்த பிறை ஊர் ஃபேக்டரியில், முழுத் திட்டம் போட்டுச் செய்த புரோகிராமை ஒருத்தரும் தொடாமல் பழைய நோட்டிலேயே எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் ஆயிற்றே. உன் புரொஃபசர் முதல் கட்சி. உன் கருத்தைப் படித்து அவர் முகம் கறுத்துவிட்டது. இருபதுக்கு நாலு. மொத்தத்தில் மூன்று மார்க்கில் பெயில்.

எங்கள் பள்ளியில் மாரல் என்கிற நன்னெறிப் பாடத்திலும் இதே கூத்துதான். கருத்து என்ன என்பார்கள், டீச்சர் கையில் பட்டியல் இருக்கும். அதிலுள்ள சொல் வந்தால் மார்க். இந்தத் தடவை, குடும்பத்தில் ஒருவர் தோற்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தார்கள். அன்புடன் ஆறுதல் கூறுவேன் என்று எழுதினேன். முழு மார்க். வகுப்பிலேயே நான் ஒருத்தன்தான்.

கேள்வித்தாளை அப்பாவிடம் காட்டினேன். கூடவே நீ வைத்திருந்த துண்டுச் சீட்டை மட்டும் காட்டவில்லை. ‘அப்பா சொன்னபடி அப்பீல் போடவில்லை’ என்று எழுதியிருந்தாயே, அதை. பின்பக்கம் நீ எழுதியிருந்த பதிலை அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார்.

“கருத்தைக் கேட்டா, காரணத்துக்குத்தான் மார்க் போடணும். பிள்ளை காரணம் எழுதியிருக்கு லா” என்றார். மறுபடி திருத்தச் சொல்லி இதற்குள் நீ அப்பீல் போட்டிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு ஞாயிறும் உன் விடுதிக்குப் போன் போடுகிறார். நீ வெளியே போயிருப்பதாக யாரோ சொல்கிறார்கள். இன்றைக்கு ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே, “பிள்ளைக்கு என் மேல என்னடா கோபம்?” என்று கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அக்கா, ஜூலை மூன்றாம் தேதி நீ அழுதுகொண்டே கூப்பிட்டபோது அப்பா வீட்டில் இல்லை. பாகான் டாலாமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனை எடுத்தது நான். யார் குரலிலும் பேசுவேன் என்று பீற்றிக்கொள்வேனே, அப்பா மாதிரித் தொண்டையைச் செருமினேன். பெயிலா, அப்பீல் கிப்பீல் ஒன்றும் வேண்டாம், இனி எனக்குப் போன் பண்ணாதே என்றேன். உடனே சிரித்துக் காட்டிக்கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீ “சரிப்பா” என்று வைத்துவிட்டாய்.

ஆறுதல் கூறுவதில் முழு மார்க் வாங்கியவன் செய்த வேலை இது.

இதைத் தபாலில் போட்டுவிட்டு அப்பாவிடம் சொல்லப் போகிறேன். போட்ட பிறகுதான், அதற்கு முன்னால் தைரியம் இல்லை. அப்பீலுக்கு 31ஆம் தேதிதான் கடைசி. போட்டுவிடு அக்கா. அடுத்த ஞாயிறு போன் வந்தால் எடு. அப்பாதானா என்று சந்தேகம் வந்தால், நான்காவது கேள்வியை அவரிடம் கேட்டுப் பார்.

சொந்தக் குரலில்,
உன் தம்பி
நேசன்